நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை: கோலாலம்பூரில் முதல் கிறிஸ்துமஸ்

நவம்பர் பாதியிலேயே புக்கிட் பிந்தாங் பேரங்காடிகளில் மரம் எழும்பிவிடும். பஞ்சுப் பனி, கலைமான் வண்டி, போட்டோ எடுக்க வரிசை. டிசம்பர் 25 தாண்டியதும் அதையெல்லாம் கழற்றிவிட்டுச் சிவப்பு விளக்குக் கூடுகளைத் தொங்கவிட ஆரம்பிப்பார்கள். அடுத்து சீனப் புத்தாண்டு வியாபாரம். திருச்சபையின் கணக்கு இதற்கு நேர்மாறு. பேரங்காடி ஜொலிக்கும் வாரங்களில் கோயிலில் ஊதாத் துணி, பீடத்தில் குறைந்த பூ, பாட்டில்கூட ஓர் அடக்கம். கடைக்காரர் மரத்தைக் கழற்றும்போதுதான் கோயிலில் கிறிஸ்துமஸ் காலத்தின் இரண்டாம் நாளே நடந்துகொண்டிருக்கும்.

இதைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும். கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் திருமணமாகி வந்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கே முதல் டிசம்பரைப் பார்க்கப்போகிறவர்கள், ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர்கள், "நைட் பூசைக்கு வா" என்று நண்பர் கூப்பிட்டுவிட்டார், போனால் என்ன செய்வது என்று விழிப்பவர்கள் எல்லாரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். நான் கத்தோலிக்கன், அதனால் நம்ம கோயில் வழக்கமே அதிகம் வரும். லுத்தரன், மெதடிஸ்ட் சபைகளில் வேறுபடும் இடங்களை முடிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை: நாட்காட்டியைக் கையில் எடுங்கள்

திருவழிபாட்டு ஆண்டு ஜனவரி முதல் தேதியில் பிறப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறுதான் அதன் வருடப்பிறப்பு. அன்று தொடங்குவது திருவருகைக் காலம்; சீர்திருத்த சபைகளில் அட்வென்ட் என்றே சொல்வார்கள். இந்த முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எங்காவது விழும். 2026-இல் நவம்பர் 29. அதற்கு முந்தைய ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா, பழைய ஆண்டின் கடைசி ஞாயிறு.

கிறிஸ்துமஸ் எந்தக் கிழமையில் வருகிறதோ அதைப் பொறுத்து இந்தக் காலம் நீளும், சுருங்கும். அதிகபட்சம் 28 நாள், குறைந்தபட்சம் 22 நாள். 2023-இல் டிசம்பர் 24 ஞாயிற்றுக்கிழமை. காலையில் திருவருகைக் கால நான்காம் ஞாயிறு, சாயங்காலம் கிறிஸ்துமஸ் திருவிழிப்பு. கோயிலில் அலங்காரம் செய்கிறவர்களுக்கு ஊதாவை எடுத்துவிட்டு வெள்ளை கட்டச் சில மணி நேரம்தான் கிடைத்தது. 2026-இல் 25 வெள்ளிக்கிழமை, அதனால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

உங்கள் போனில் இந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2026 நவம்பர் 29, டிசம்பர் 6, 13, 20 ஆகிய நான்கு ஞாயிறுகள், டிசம்பர் 24 இரவு, 25, திருக்குடும்ப விழா டிசம்பர் 27, ஜனவரி 1, மூன்று ராஜாக்கள் திருநாளான திருக்காட்சிப் பெருவிழா 2027 ஜனவரி 3, ஆண்டவருடைய திருமுழுக்கு விழா ஜனவரி 10. கடைசியில் சொன்ன நாளோடு கிறிஸ்துமஸ் காலம் முடிகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆண்டின் பெரிய திருநாள் கிறிஸ்துமஸ் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். திருச்சபைக்குப் பெரியது ஈஸ்டர். வயதிலும் ஈஸ்டரே மூத்தது. டிசம்பர் 25 என்ற நாள் ரோமையில் நான்காம் நூற்றாண்டில்தான் பதிவாகிறது. இயேசு பிறந்த தேதியை நற்செய்திகள் எங்கேயும் சொல்லவில்லை. அப்புறம் எதற்கு இவ்வளவு கொண்டாட்டம்? கடவுள் மனிதராகவே பிறந்தார், பசியும் அழுகையும் சாவும் உள்ள உடம்போடு பிறந்தார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் அடித்தளம். அந்த உடம்பு இல்லாமல் சிலுவையும் இல்லை, உயிர்ப்பும் இல்லை. ஆகவே கிறிஸ்துமஸை ஈஸ்டரோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் முழுதாக வரும்.

இரண்டாவது: எந்த ஆலயம், எந்த மொழி

கோலாலம்பூரில் தமிழில் வழிபட இடத்துக்குப் பஞ்சமில்லை. புடு பக்கம் ஜாலான் ரோபர்ட்சனில் புனித அந்தோணியார் ஆலயம், நூறு வருடத்துக்கு மேலாகத் தமிழ்க் கத்தோலிக்கரின் கோயில். செந்தூலில், ரயில்வே பட்டறைக்கு வந்த நம்மவர்கள் கூடிய புனித சூசையப்பர் ஆலயம். பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கினால் ஒரு நடையில் பல மரபுகளைப் பார்த்துவிடலாம்: கத்தோலிக்கரின் பாத்திமா அன்னை ஆலயம், தரங்கம்பாடி மரபில் வந்த தமிழ் லுத்தரன்களின் சீயோன் ஆலயம், தமிழ் மெதடிஸ்ட் ஆலயம், சீனக் கத்தோலிக்கர் எழுப்பிய செபமாலை அன்னை ஆலயம், மலையாளிகளின் ஆர்த்தடாக்ஸ் சிரியன் ஆலயம். கடைசியில் சொன்னவர்கள் டிசம்பர் முதல் தேதியிலிருந்து 25 நாள் நோன்பிருப்பார்கள். அந்த மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனால் இறைச்சியை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரே பங்கில், அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த சமூகத்தில், ஆங்கிலம், தமிழ், மலாய், மாண்டரின் என்று பல மொழிகளில் திருப்பலி (பூசை) நடக்கும். வழக்கமான ஞாயிறு அட்டவணையைப் பார்த்துவிட்டு 24-ஆம் தேதி கிளம்பினால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் கிறிஸ்துமஸுக்குத் தனி அட்டவணை. டிசம்பர் இரண்டாவது வாரத்துக்குள் பங்கின் முகநூல் பக்கத்திலும் அறிவிப்புப் பலகையிலும் போட்டுவிடுவார்கள். சில இடங்களில் தமிழ்த் திருப்பலி சாயங்காலம் ஏழு, எட்டு மணிக்கே இருக்கும், நள்ளிரவுத் திருப்பலி பல மொழிகளைக் கலந்து நடக்கும். முதல் தடவை போகிறவர்களுக்குத் தமிழ்த் திருப்பலியையே சிபாரிசு செய்வேன். வாசலில் கோலம், பீடத்தருகே குத்துவிளக்கு, காணிக்கை நேரத்தில் ஆரத்தி என்று உங்களுக்குப் பழக்கமான பல அடையாளங்கள் அங்கே இருக்கும். பாட்டும் காதில் ஏறும்.

மூன்றாவது: நான்கு ஞாயிறுகளையும் தவறவிடாதீர்கள்

பெரும்பாலோர் இதைத்தான் தாண்டிவிடுகிறார்கள். 24 இரவுக்கு மட்டும் வந்து, கூட்டத்தில் நின்று, ஒன்றும் புரியாமல் திரும்புவார்கள். அதற்கு முன் இரண்டு ஞாயிறாவது வந்திருந்தால் அந்த இரவு வேறு மாதிரி இருக்கும்.

பீடத்தருகே பச்சை இலையால் ஆன ஒரு வளையம், அதில் நான்கு மெழுகுவர்த்திகள். வாரத்துக்கு ஒன்று ஏற்றுவார்கள். மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. இந்த வளையம் ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வீச்சர்ன் என்ற லுத்தரன் போதகர், தன் பராமரிப்பில் இருந்த ஏழைப் பிள்ளைகள் "கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள்" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் வண்டிச் சக்கரம் ஒன்றில் மெழுகுவர்த்திகளைச் செருகி நாள் எண்ண வைத்ததாகச் சொல்வார்கள். லுத்தரன் வீட்டில் பிறந்த வழக்கம், இன்று கத்தோலிக்கக் கோயில்களிலும் இடம்பிடித்துவிட்டது.

முதல் ஞாயிறு நற்செய்தியைக் கேட்டால் திடுக்கிடுவீர்கள். குழந்தையும் இல்லை, மாட்டுக்கொட்டிலும் இல்லை. "விழிப்பாயிருங்கள்" என்று உலக முடிவைப் பற்றிய வாசகம். காரணம், இந்தக் காலம் இரண்டு வருகைகளைப் பேசுகிறது: ஒரு முறை வந்தார், திரும்பவும் வருவார். இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் வந்து பாதையைச் செம்மையாக்கச் சொல்வார். நான்காம் ஞாயிறில்தான் மரியாவும் யோசேப்பும் கதைக்குள் நுழைவார்கள். 2026 நவம்பரில் தொடங்கும் ஆண்டின் ஞாயிறுகளில் பெரும்பாலும் வாசிப்பது மாற்கு நற்செய்தி. மாற்கில் பிறப்புக் கதையே கிடையாது! அதனால் அந்தப் பகுதிகளை லூக்காவிடமும் யோவானிடமும் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு அருட்தந்தை இளஞ்சிவப்பு உடையில் வந்தால், சாயம் போய்விட்டதோ என்று பார்க்காதீர்கள். அது மகிழ்ச்சி ஞாயிறு. பாதி தூரம் தாண்டியாயிற்று என்பதற்கான நிறம். இந்த நான்கு ஞாயிறுகளிலும் வானவர் கீதம் பாட மாட்டார்கள். பெத்லகேம் இரவில் வானதூதர்கள் பாடியது அது; அந்த இரவு வரும்வரை எடுத்து வைத்திருப்பார்கள். 24 இரவு மணியோடு அது மறுபடி எழும்பும்போது, நான்கு வாரம் அதைக் கேட்காமல் இருந்தவருக்குத்தான் அதன் ருசி தெரியும்.

கத்தோலிக்கராக இருந்தால் ஒப்புரவு அருட்சாதனத்தையும் இந்த வாரங்களில் முடித்துவிடுங்கள். பக்கத்துப் பங்குகளின் குருக்கள் சேர்ந்து வந்து ஒரே மாலையில் பலருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்பார்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டால் வரிசை வாசல் வரை நிற்கும்.

டிசம்பர் 16-லிருந்து பிலிப்பைன்ஸ்காரர்கள் ஒன்பது நாள் திருப்பலிக்குத் திரள்வதைப் பார்ப்பீர்கள். அவர்கள் நாட்டில் அது விடியற்காலைத் திருப்பலி. இங்கே வேலை நேரத்துக்கு ஏற்ப மாலையிலும் வைப்பார்கள். நமக்கோ அதே நாளை ஒட்டி மார்கழி பிறக்கிறது. எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் இந்த மாதத்தில் தூக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

நான்காவது: வீட்டில் குடில்

இயேசு பிறந்த கொட்டிலைச் சிறு சுரூபங்களால் (உருவங்களால்) அமைத்துக் காட்டுவதுதான் குடில். மரம் இல்லாத கிறிஸ்தவ வீட்டைப் பார்க்கலாம், குடில் இல்லாத தமிழ்க் கத்தோலிக்க வீட்டைப் பார்ப்பது அரிது. 1223-இல் அசிசி நகர் பிரான்சிஸ், கிரேச்சியோ என்ற மலையூரில் வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டி, மாடு, கழுதை எல்லாம் கொண்டுவந்து நிறுத்தி அந்த இரவை ஊர்மக்கள் கண்முன் காட்டினார். நம் வீட்டு மூலையில் இருக்கும் குடிலுக்கு அதுவே முன்னோடி.

செய்வது கஷ்டமில்லை. பழுப்புக் காகிதத்தை நன்றாகக் கசக்கி விரித்தால் பாறை மாதிரி மடிப்பு விழும். பழைய பெட்டிகளின் மேல் அதைப் போர்த்தினால் குகை தயார். புல்லுக்கு ஒரு வழி: டிசம்பர் இரண்டாம் வாரம் ஒரு தட்டில் ஈரப் பஞ்சை விரித்துக் கோதுமையையோ கேழ்வரகையோ தூவி, தினமும் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் பச்சையாக எழும்பும். இரண்டும் பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக் கடைகளிலேயே கிடைக்கும். ரொம்ப முந்திப் போட்டால் நம்ம ஊர் சூட்டில் 24-க்குள் மஞ்சளடித்துச் சாய்ந்துவிடும்.

சுரூபங்களை வைப்பதில்தான் முறை இருக்கிறது. மரியா, யோசேப்பு, மாடு, கழுதை, இடையர்கள் முதலிலேயே வரலாம். தொட்டி மட்டும் காலியாக இருக்க வேண்டும். குழந்தை இயேசுவை 24 இரவு கோயிலிலிருந்து திரும்பி வந்துதான் வைப்பார்கள். பெரும்பாலும் வீட்டின் கடைக்குட்டி கையால். மூன்று ராஜாக்களைக் குடிலுக்குள் வைக்காமல் தள்ளி வையுங்கள், புத்தக அலமாரியிலோ டிவி மேசையிலோ. 25-க்குப் பிறகு நாளுக்குக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டே வந்து, திருக்காட்சி ஞாயிறு அன்று குடிலில் சேர்த்துவிட வேண்டும். பிள்ளைகள் இதை ரொம்ப ரசிப்பார்கள். எங்கள் அடுக்குமாடியில் புதுசாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, நாளைக்கு லீவுதானே, குடிலை எடுத்து வச்சிடட்டுமா?" என்று 26-ஆம் தேதி மாமியாரின் தோழியிடம் கேட்டாள். "ஐயோ, வேணாம்மா. ராஜாங்க இன்னும் டிவிகிட்டயே நிக்கிறாங்க, வந்து சேர வேணாமா?" என்றார் அவர்.

ஒரு விஷயம் தெரிந்து வைத்திருங்கள். கேள்வி கேட்கும் பிள்ளைகள் இருந்தால் உதவும். இடையர்கள் லூக்கா நற்செய்தியில் மட்டும்தான் வருகிறார்கள், ஞானிகள் மத்தேயுவில் மட்டும்தான். மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை, ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று பேர் ஆகிவிட்டார்கள். மாடும் கழுதையும் எந்தப் பிறப்புக் கதையிலும் இல்லை, ஏசாயாவின் ஒரு வரியிலிருந்து வந்து புகுந்துகொண்டவை. எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே சேர்த்தது மக்களின் பக்தி. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

வாசலில் நட்சத்திரம் தொங்கவிடுவது நம் தமிழ் வழக்கம். டிசம்பர் முதல் தேதியிலிருந்து தொங்கவிடலாம். காகித நட்சத்திரம் அழகுதான், ஆனால் திறந்த வராந்தாவில் ஒரு சாயங்கால மழைக்குத் தாங்காது. டிசம்பரில் இங்கே மழை எந்த நேரமும் பிடித்துக்கொள்ளும்.

ஐந்தாவது: கேரலிங் வரும் இரவு

டிசம்பர் நடுவில் பங்கின் அன்பியக் குழுவோ (அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த செபக் குழு) சபையின் வாலிபர் சங்கமோ வீடு வீடாகப் பாடி வருவார்கள். ஒரு கிட்டார், ஒரு கஞ்சிரா, வியர்வையில் நனைந்த ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. உங்கள் வீட்டுக்கும் வர வேண்டுமென்றால் முன்கூட்டியே குழுத் தலைவரிடம் பெயர் கொடுங்கள். கொண்டோமினியம் என்றால் காவலர் சாவடியில் ஒரு வாரம் முன்பே சொல்லி, வண்டி எண்களைக் கொடுத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் இருபது பேரும் தடுப்புக் கட்டைக்கு வெளியே நின்று பாட வேண்டியதுதான்.

வந்தால் ஒன்றிரண்டு பாட்டு, ஒரு வாசகம், ஒரு செபம், வீட்டில் நோயாளி இருந்தால் அவருக்காகத் தனி வேண்டுதல். மொத்தம் பதினைந்து நிமிடம். அதற்குமேல் உங்கள் முறுக்கைப் பொறுத்தது. காணிக்கையை உறையில் போட்டுக் கொடுப்பார்கள், தொகை உங்கள் இஷ்டம். பக்கத்தில் சூராவ் (முஸ்லிம்களின் சிறு தொழுகைக்கூடம்) இருந்தால் பாங்கு ஒலிக்கும் நேரத்தில் பாட்டை நிறுத்திக்கொள்வதும், பத்து மணிக்குள் முடிப்பதும் இங்கே எல்லாருக்கும் தெரிந்த மரியாதை.

ஆறாவது: 24 இரவு

கிறிஸ்துமஸுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை நான்கு திருப்பலிகளை வைத்திருக்கிறது: திருவிழிப்பு, இரவு, விடியல், பகல். ஒவ்வொன்றுக்கும் வாசகம் வேறு. திருவிழிப்பில் ஆபிரகாமிலிருந்து தொடங்கும் மத்தேயுவின் வம்ச வரிசை. இரவில் லூக்கா சொல்லும் பிறப்பு. விடியலில் இடையர்கள் ஓடிவந்து பார்ப்பது. பகலில் யோவானின் முதல் அதிகாரம். அதில் குழந்தையே கிடையாது, ஆதியில் இருந்த வாக்கு மனிதரானார் என்ற ஆழமான பகுதி. கதை வேண்டுமென்றால் இரவுக்குப் போங்கள், பொருள் வேண்டுமென்றால் பகலுக்குப் போங்கள். முடிந்தால் இரண்டுக்கும். எல்லாப் பங்கிலும் நான்கும் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இரவுத் திருப்பலிக்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். தாமதமானால் வெளியே கூடாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிதான், திரையில்தான் பீடம். வாகன நிறுத்தம் எப்போதும் தலைவலி. கிராப்பில் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) போய் இறங்குவது உத்தமம். ஆனால் நள்ளிரவுத் திருப்பலி முடிய ஒன்று, ஒன்றரை மணி ஆகும். அந்நேரம் எல்ஆர்டி, மோனோரயில் எதுவும் இருக்காது, கிராப் கட்டணமும் எகிறியிருக்கும். அதனால் போகும்போதே யாருடைய காரில் திரும்புவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் போலீஸ் நிற்பார்கள், பையைத் திறந்து காட்டச் சொல்லலாம், பயப்பட ஒன்றுமில்லை.

உடை: புடவை, பஞ்சாபி சூட், குர்தா, பாத்தேக் சட்டை எதுவானாலும் சரி. அரைக்கால் சட்டையும் கையில்லாத சட்டையும் வேண்டாம். தமிழ்நாட்டில் பல கோயில்களில் செருப்பைக் கழற்றுவார்கள். இங்கே பெரும்பாலும் போட்டுக்கொண்டே உள்ளே போகிறார்கள். வாசலில் செருப்பு குவிந்திருந்தால் கழற்றுங்கள், அவ்வளவுதான்.

உள்ளே எல்லாரும் நிற்கும்போது நில்லுங்கள், உட்காரும்போது உட்காருங்கள். விசுவாச அறிக்கை சொல்லும்போது, கடவுள் மனிதரானார் என்ற வரியில் எல்லாரும் திடீரென்று முழந்தாளிடுவார்கள். மற்ற ஞாயிறுகளில் அந்த இடத்தில் தலை வணங்குவதோடு சரி. முழந்தாளிடுவது கிறிஸ்துமஸிலும், மார்ச் 25 மங்கள வார்த்தை திருநாளிலும் மட்டும். மார்ச் 25-க்கும் டிசம்பர் 25-க்கும் சரியாக ஒன்பது மாதம் என்பதைக் கவனித்தீர்களா?

நற்கருணை நேரத்தில், அதாவது குரு அப்பம் வழங்கும்போது, கவனம் தேவை. ஞானஸ்நானம் பெற்று, புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய கத்தோலிக்கர்கள் மட்டுமே அதைப் பெறுவார்கள். பிரசாதம் என்று நினைத்து நீங்களும் வரிசையில் போய்க் கையை நீட்டிவிட வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே இருக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பல பங்குகளில், கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் போனால் குருவானவர் ஆசீர் மட்டும் கொடுப்பார். மெதடிஸ்ட், லுத்தரன் சபைகளில் திருவிருந்துக்கு அவரவர் விதி உண்டு. போதகரையோ பக்கத்தில் இருப்பவரையோ கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே 25 காலை ஆராதனைதான் பெரிது. குடும்பம் குடும்பமாகப் புதுத்துணியில் வருவார்கள்.

முடிந்ததும் குடிலைச் சுற்றி ஒரு தள்ளுமுள்ளு. குழந்தை இயேசுவின் பாதத்தை முத்தமிடவோ தொட்டுக் கும்பிடவோ வரிசை நிற்கும். எல்லாருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிவிட்டு, கேக்கும் மைலோவும் கொடுத்தால் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

ஏழாவது: 25 பகல், வீடு

25 நாடு முழுவதும் பொது விடுமுறை. காலையில் தோசையோ இடியாப்பமோ, அதற்கு மட்டன் பெரட்டல். மேசையில் ரொட்டி டின்களில் முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, அன்னாசி தார்ட், ஃப்ரூட் கேக். பிள்ளைகளுக்கு அங்பாவ் (உறையில் போட்ட அன்பளிப்புப் பணம்). யார் வந்தாலும் வரவேற்று விருந்து கொடுக்கும் நம் திறந்த இல்ல உபசரிப்பு மற்ற இனத்தவரின் பெருநாட்களைப் போலத்தான் நடக்கும்.

நீங்கள் விருந்து வைப்பவராக இருந்தால் சமையலறையில் மூன்று கேள்விகள். மலாய் நண்பர்கள் வருகிறார்களா? அப்படியானால் ஹலால் சான்றிதழ் உள்ள சமையல்காரரிடம் உணவு எடுங்கள். ரம் ஊற்றிய கேக்கை மேசையிலேயே வைக்காதீர்கள். இந்து உறவினர்கள் வருகிறார்களா? மாட்டிறைச்சி வேண்டாம். பல தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் அது எப்போதுமே இருக்காது. சைவம் உண்டா? தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, கோழிக்கறிக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறு மேசை. கேட்காமல் இதைச் செய்து வைத்திருந்தால் வந்தவர் நிம்மதியாகச் சாப்பிடுவார். முஸ்லிம் விருந்தினர்களுக்கு வசன அட்டை, சமயக் குறுநூல் எதுவும் கொடுக்க வேண்டாம். முஸ்லிம்களிடையே பிற சமயம் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11(4) பிரிவு இடம் கொடுக்கிறது. விருந்துக்கு அழைக்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விருந்தாளியாகப் போகிறீர்களா? ஒரு கூடை ஆரஞ்சு, ஒரு கேக் போதும். தேவாலயத்துக்குப் போய்விட்டு வந்த களைப்பில் வீட்டுக்காரர் பதினொரு மணிக்கு முன்னால் கண்ணைத் திறக்க மாட்டார். மத்தியானத்துக்குப் பிறகு போவதே அவருக்குச் செய்யும் உபகாரம்.

எட்டாவது: 26-க்குப் பிறகு

26-ஆம் தேதி கோயிலுக்குப் போனால் குரு சிவப்பு உடையில் நிற்பார். முதல் மறைசாட்சி ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டதை நினைக்கும் நாள். 28-இல் ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள். பிறப்பின் மறுநாளே சாவைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பண்டிகை மயக்கத்தில் இருப்பவருக்கு இது உறுத்தும். உறுத்தட்டும், தொட்டியில் கிடக்கும் குழந்தை எங்கே போகப்போகிறது என்பதைத் திருச்சபை மறைப்பதில்லை.

டிசம்பர் 31 இரவு நம் சபைகளில் ஆண்டிறுதி ஆராதனை. மெதடிஸ்ட், லுத்தரன் வீடுகளில் இதற்குத்தான் முழுக் குடும்பமும் கட்டாயம் போகும். புத்தாண்டு பிறந்ததும் ஒவ்வொருவரும் ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுப்பார்கள். அந்த ஆண்டுக்கான வசனம் அதில் இருக்கும். வருடம் முழுக்க அது பர்ஸிலோ குளிர்சாதனப் பெட்டியின் கதவிலோ ஒட்டியிருக்கும். கத்தோலிக்கருக்கு ஜனவரி 1 இறைவனின் அன்னை மரியாவின் பெருவிழா.

திருக்காட்சி அன்று சில பங்குகளில் மந்திரித்த சுண்ணக்கட்டி கொடுப்பார்கள். வீட்டு நிலைக்கு மேல் ஆண்டின் இலக்கங்களை எழுதி, நடுவில் மூன்று லத்தீன் எழுத்துகளையும் இடையிடையே சிலுவையையும் போடுவது வழக்கம். அந்த எழுத்துகள் காஸ்பார், மெல்கியோர், பால்தசார் என்று மரபு ஞானிகளுக்குக் கொடுத்த பெயர்களின் தொடக்கம். "கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக" என்ற லத்தீன் வாக்கியத்தின் சுருக்கமும் அதுதான் என்பார்கள். வாடகை வீடென்றால் ஓர் அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள், வீட்டுக்காரரோடு சண்டை வேண்டாம்.

ஜனவரி 10 மாலை வரை குடிலும் மரமும் இருக்கலாம். சில பழைய வீடுகளில், குழந்தையைக் கோயிலில் காணிக்கையாக்கிய பிப்ரவரி 2 வரை குடிலை வைத்திருப்பார்கள், அதுவும் தப்பில்லை. எடுக்கும்போது சுரூபங்களைத் தனித்தனியாகப் பழைய செய்தித்தாளில் சுற்றுங்கள். கழுதையின் காது முதலில் உடையும். எந்தப் பெட்டியில் எது என்று மேலே எழுதிவிடுங்கள், மறுவருஷம் தேடுவது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

11-ஆம் தேதியிலிருந்து பொதுக்காலம், பச்சை நிறம். இந்தமுறை அது நீண்ட நாள் ஓடாது. 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28-க்கே வந்துவிடுவதால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நோன்போடு தொடங்கும் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10. சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6. அதாவது ஐந்தாம் நாள் விருந்துக்குச் சீன நண்பர் கூப்பிட்டால், அன்று நீங்கள் நோன்பு, இறைச்சி கிடையாது என்று இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். வேறொரு நாள் போட்டுக்கொள்வார்.